பால்மானி அண்ணனும் நம்பர் இல்லாத கத்தாழையும்

உலகத்தில் யாரையும், எதையும் நம்பாமல் ஒரு மனிதர் அறுபத்தெட்டு வயது வரை திடகாத்திரமாக வாழ முடியுமா? முடியும். மீனாட்சிபுரத்துக்கு இரண்டு கல் இந்தப் பக்கம், கேரள எல்லைக்குள் இருக்கும் எங்கள் ஊருக்கு வாருங்கள், ஆளையே காட்டுகிறேன். பேர் பால்மானி அண்ணன். பாலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று மிதக்கவிட்டுப் பார்க்கிற கண்ணாடிக் கருவிக்குப் பால்மானி என்று பேர். எங்கள் ஊர்ப் பால் சொசைட்டியில் அதை முப்பது வருஷம் கையில் பிடித்திருந்ததால் பேரும் அவரோடு ஒட்டிக்கொண்டது. பெற்றவர்கள் வைத்த பேர் ஒன்று இருந்திருக்க வேண்டும். அது வெகுகாலம் யாருக்கும் தெரியாது. கேட்டால், "எதுக்குக் கேக்கறே?" என்பார்.

பொள்ளாச்சி பஸ் வந்து நின்றால் முதலில் பலகையைப் படிப்பார். பிறகு கண்டக்டரிடம் கேட்பார். பிறகு முன்னால் நடந்துபோய் டிரைவரிடம் தனியாகக் கேட்பார். மூன்றும் ஒத்துப்போனால்தான் ஏறுவார். ஏறி உட்கார்ந்ததும் பக்கத்துச் சீட்டுக்காரரிடம், "ஏனுங்க, நீங்க நெசமாலுமே பொள்ளாச்சிக்குத்தான் போறீங்களா?" என்று ஆரம்பிப்பார். அந்த மனிதருக்கே பொள்ளாச்சிக்குத்தான் போகிறோமா என்று சந்தேகம் வந்துவிடும்.

டீக்கடையில் பால் விடாத கட்டன் சாயாதான் குடிப்பார். ஊர்ப்பாலை முப்பது வருஷம் பார்த்தவருக்குத் தொண்டையில் பால் இறங்காது. ஒருநாள் நான் கேட்டேன்.

"சொந்தமா ஒரு மாடு வெச்சுக்கலாமில்லீங்ணா?"

"மாட்டை எப்புட்றா நம்பறது?"

"மாடு தண்ணி கலக்குமாங்ணா?"

"குடிக்குதில்ல?"

நான் அவரோடு சொசைட்டியில் பாலை அளந்து கேனில் ஊற்றும் வேலையில் இருந்தேன். அப்போது தற்காலிக வேலைதான். தினமும் காலையில் என் முழுக்கைச் சட்டையை முழங்கைக்கு மேல் சுருட்டச் சொல்லி, இரண்டு கையையும் திருப்பித் திருப்பிப் பார்த்த பிறகுதான் அளவைப் படியைத் தொட விடுவார். கைக்குள் நான் கிணற்றை ஒளித்து வைத்திருப்பேன் என்று அவருக்கு எண்ணம்.

எங்கள் ஊரில் கோயிலுக்கு அடுத்தபடியாக ஜனங்கள் பயப்படும் இடம் சொசைட்டி வாசலில் தொங்கும் கரும்பலகை. தண்ணீர் கலந்த பால் பிடிபட்டால் ஊற்றியவர் பேரை அண்ணன் அதில் சாக்பீஸால் எழுதிவிடுவார். தொடர்ந்து மூன்று நாள் நல்ல பால் ஊற்றினால்தான் பேர் அழியும். அதுவும் அண்ணன் தோளில் கிடக்கும் துண்டால் அவரே துடைத்தால்தான் அழிந்தது என்று அர்த்தம். ஆனால் ஒன்று சொல்லியாக வேண்டும். மூன்று தடவை மிதக்கவிட்டுப் பார்த்து, வரிசையில் நிற்கும் ஒருவரைக் கூப்பிட்டுக் குனிந்து பார்க்க வைத்த பிறகுதான் சாக்பீஸை எடுப்பார். "சாட்சியில்லாம எவன் பேரையும் எழுதப்படாது" என்பது அவருடைய சட்டம்.

சரசக்கா பேர் ஒருமுறை பலகையில் ஏறியது. "மாடு மழையில நனைஞ்சு போச்சுங்ணா, அதுதான்" என்று அந்த அக்கா சொல்லிப் பார்த்தது. "மழை மாட்டு மேல பேஞ்சா பாலுக்குள்ள எப்புடிச் சரசு வரும்?" என்று கேட்டுவிட்டு எழுதிவிட்டார். விதி பாருங்கள், அன்றைக்குத்தான் அக்காவின் மகளைப் பெண் பார்க்கப் பொள்ளாச்சியிலிருந்து ஆட்கள் வந்தார்கள். பஸ்ஸை விட்டு இறங்கி, வெயிலுக்காகச் சொசைட்டிப் பந்தலில் ஒதுங்கி, பலகையை ஒரு எழுத்து விடாமல் படித்தார்கள். அந்தச் சம்பந்தம் கைகூட இன்னும் ஆறு மாதம் ஆயிற்று. அதிலிருந்து சரசக்காவுக்கும் அண்ணனுக்கும் பேச்சு பாலோடு சரி.

இனிமேல்தான் கத்தாழை வருகிறது.

ரோட்டிலிருந்து சொசைட்டிக்கு வர ஒரு இட்டேரி உண்டு. இருபுறமும் வேலி போட்ட வண்டித்தடத்தை எங்கள் பக்கம் அப்படிச் சொல்வோம். ஒரு பக்கம் சரசக்காவின் தென்னந்தோப்பு. மறுபக்கம் அண்ணனுடைய மேட்டாங்காடு. மழை பெய்தால் கொள்ளு, பெய்யாவிட்டால் கல் விளையும் நிலம் அது. அதற்கு வேலி ரயில் கத்தாழை. தண்டவாளத்தோரம் பார்த்திருப்பீர்கள், ஆள் உயரத்துக்கு ஈட்டி ஈட்டியாக நிற்குமே, அதுதான். ஒருநாள் சரசக்கா பால் கேனை இறக்கி வைத்துவிட்டு எல்லோர் முன்னாலும் சொன்னது.

"முந்தி இந்த இட்டேரியில ரெண்டு மாடு ஒதுங்கிப் போகும். இப்ப ஒரு மாடு போனாலே இடுப்புல முள்ளு குத்துது. கத்தாழை நடந்து வருதுங்களா, இல்ல ஆராச்சும் நடத்திக் கூட்டிட்டு வராங்களான்னு தெரியலீங்க."

வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் அண்ணனைப் பார்த்தார்கள். ஊரையே சந்தேகப்பட்டவரை ஊர் சந்தேகப்பட்டது அதுதான் முதல் தடவை. அன்று பலகையில் யார் பேரும் ஏறவில்லை. பால்மானியைப் பார்க்கிறபோதே அவர் கண் வேறெங்கோ இருந்தது.

மறுநாள் வெள்ளைப் பெயிண்ட் டப்பாவோடு காட்டில் இறங்கினார். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஒவ்வொரு கத்தாழைக்கும் மடல் மேல் நம்பர் போட்டார். ஒன்று முதல் நாற்பத்தாறு வரை. "இனி எவனாச்சும் புதுசா நட்டான்னா நம்பர் இருக்காது. மாட்டிக்குவான்" என்றார். எவனோ ராத்திரியோடு ராத்திரியாகக் கத்தாழை நட்டு, தன்னை வேலி நகர்த்துகிறவனாக ஊருக்குக் காட்டப் பார்க்கிறான் என்பது அவருடைய முடிவு.

ஒரு மழைதான் பெய்தது. இருபத்துமூன்றுக்கும் இருபத்துநான்குக்கும் நடுவில், இட்டேரிப் பக்கமாக, நம்பர் இல்லாமல் நாலு கத்தாழை எழுந்து நின்றது.

"பாத்தயா! நம்பர் இல்லாத ஆளுக வந்துட்டானுக!"

அன்று மாலை வேலியோரம் முழுக்கச் சலித்த அடுப்புச் சாம்பலைத் தூவினார். நட வருகிறவன் காலடி பதியும் அல்லவா? காலையில் என்னையும் சாட்சிக்குக் கூட்டிக்கொண்டு போனார். காலடி இருந்தது. குதிகாலில் தேய்ந்து, இடது பக்கம் வார் பிய்ந்த செருப்பின் தடம். இரண்டு பேரும் குனிந்து பார்த்தோம். பிறகு நான் மெதுவாக அவர் காலைப் பார்த்தேன். சாம்பல் தூவிய ஆள் பின்பக்கமாக நடந்து தூவ வேண்டும் என்பது அவருக்குத் தோன்றவில்லை.

அவர் தன் காலை வெகுநேரம் பார்த்தார். அப்புறம் என்னை இழுத்துக் காதோரம் சொன்னார்: "என்ற செருப்பையே போட்டுட்டு வந்திருக்கறாண்டா! எமகாதகன்!"

அன்றிலிருந்து செருப்பை அரிசி டிரம்முக்குள் வைத்துப் பூட்டினார்.

நம்பர் இல்லாதவர்களைக் கடப்பாரையால் பிடுங்கினார். ஆனால் எறியவில்லை. சாட்சிப் பொருளை எறிவாரா? இட்டேரியின் மறுபக்கம் வாய்க்கால் மேட்டில் அடுக்கி வைத்தார். இரண்டு மாதம் கழித்துப் போய்த் தூக்கினால் வரவில்லை. சாட்சிப் பொருள் அத்தனையும் வேர் பிடித்து, சரசக்காவின் வேலியோரம் சொந்த நிலம் மாதிரி உட்கார்ந்திருந்தது. "சாட்சியே கட்சி மாறிருச்சு பாரு" என்று தலையில் அடித்துக்கொண்டார். மண்ணில் வைத்தால்தானே இந்தத் தொல்லை என்று அடுத்த தடவை பிடுங்கியதைத் துணி காயப்போடும் கம்பியில் தலைகீழாகத் தொங்கவிட்டார். சித்திரை வெயில் முழுக்கத் தொங்கியது. ஆடியில் பார்த்தால் அப்போதும் பச்சை.

"சோறில்ல, தண்ணியில்ல, தலைகீழாத் தொங்குது. இன்னும் உசுரோட இருக்குது. இதை எப்புட்றா நம்பறது?" என்று கேட்டார். குரலில் கோபம் இருந்தது. கொஞ்சம் மரியாதையும் இருந்த மாதிரி எனக்குத் தோன்றியது.

அந்த வருஷம்தான் ஒன்றாம் நம்பர் கத்தாழை கம்பு விட்டது. அது அண்ணனுக்கு மீசை முளைப்பதற்கு முன்பே நின்ற செடி என்பார்கள். நடுவிலிருந்து ஒரு தண்டு கிளம்பி, நாளுக்கு ஒரு சாண் வளர்ந்து, கரண்ட் கம்பத்தைத் தாண்டி நின்றது. மேலே கிளை கிளையாகப் பூ. பூ போன பிறகு அந்த இடமெல்லாம் கொத்துக் கொத்தாக எதுவோ காய்த்தது. "இத்தனை ஒசரத்துக்கு ஒருத்தன் தலையைத் தூக்கறான்னா ஏதோ காரியமாத்தான்" என்று அண்ணன் தினமும் அண்ணாந்து பார்த்துக் கழுத்துவலி வாங்கிக்கொண்டார். அந்தச் சமயத்தில் சொசைட்டிப் பந்தலின் நடுக்கம்பு கரையான் அரித்து விழுந்தது. கத்தாழைக் கம்பு கனமே இருக்காது, ஆனால் வலு உண்டு. வெட்டிப் பந்தலுக்குக் கொண்டுபோய்விடலாம் என்று முடிவு செய்தார்.

புரட்டாசி கடைசியில் ஒரு காலை. அடிப்பக்கம் அவர் தோளில், நுனிப்பக்கம் என் கையில். இட்டேரி நெடுக நடந்தோம். "நுனியத் தூக்கிப் புடிடா, தரையில உரசுது" என்று நாலு தடவை சொன்னார். எனக்குக் கை வலி. ஐந்தாவது தடவை அவர் சொல்லவில்லை, நானும் தூக்கவில்லை. பின்னால் பொலபொலவென்று எதுவோ உதிர்ந்துகொண்டே வந்தது. திரும்பிப் பார்த்தேன். விரல் நீளத்தில், பச்சையாக, சின்னச் சின்னக் கத்தாழை மாதிரி அழகாகத்தான் இருந்தது. "என்னடா கொட்டுது?" என்றார். "காஞ்ச பூவுங்ணா" என்றேன். ஆயுசில் என்னுடைய ஒரே ஒரு வார்த்தையை அவர் அப்படியே நம்பினார் என்றால் அது இந்த வார்த்தைதான்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. நின்ற பிறகு பார்த்தால் இட்டேரியில் மண்ணே தெரியவில்லை. நட்ட நடுவில், இருபக்கமும், நூற்றுக்கணக்கில் குட்டிக் கத்தாழை. ஒவ்வொன்றின் தலையிலும் ஊசி. அண்ணன் காட்டில் கிளம்பிய வரிசை நேராகச் சொசைட்டி வாசலில் வந்து நின்றது. அந்த வாரமே சரசக்காவின் மாட்டுக்கு மடியில் முள் ஏறிச் சீழ் பிடித்தது. பாதிப் பேர் பாலை அடுத்த ஊருக்குக் கொண்டுபோனார்கள்.

சரசக்கா பஞ்சாயத்து மெம்பரையும், கிருஷி பவன் என்கிற விவசாய ஆபீசிலிருந்து ஆபீசர் அம்மாவையும் பால் ஊற்றும் நேரத்துக்குச் சரியாகக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டது.

"வேலி நகத்தறவிய கையில எங்க பாலக் குடுத்துப் பாக்கச் சொல்றது எந்த ஊரு நாயமுங்க?"

அண்ணன் பால்மானியைத் துடைத்து மேசை மேல் வைத்தார். "நாயந்தே. நான் நகத்தியிருந்தா இனிமே இதைத் தொடமாட்டேன்" என்றார். முப்பது வருஷ வேலை அந்த மேசை மேல் கிடந்தது. எனக்குக் கவலை அவரைப் பற்றி மட்டுமல்ல. என் வேலையை நிரந்தரம் ஆக்குகிற சொசைட்டிக் கூட்டம் அடுத்த வாரம் இருந்தது.

ஆபீசர் அம்மா ஒற்றப்பாலத்துக்காரர், சின்னப் பெண். எங்களையும் கூட்டிக்கொண்டு நேராக அண்ணன் வேலிக்குப் போய்ப் பதினேழாம் நம்பர் பக்கத்தில் நின்ற நம்பர் இல்லாத ஒன்றைச் சுற்றி மண்ணைக் கிளறினார். அதன் அடியிலிருந்து விரல் தடிமனில் வெள்ளையாக ஒரு வேர் மண்ணுக்குள்ளேயே ஓடி, பதினேழாம் நம்பரின் அடியில் போய் முடிந்தது.

"சேட்டா, இது ஆரும் நட்டதில்லா. தாய்ச் செடி மண்ணுக்கடியில வேரு விடும், அதில குட்டி வரும். பின்னே, வயசானா ஒரு கம்பு விடும். பூ போன இடத்தில குட்டி வரும். கம்பில இருக்கும்போதே வேரும் வந்திரும். கீழே விழுந்தா போதும், மழை வந்தா பிடிச்சுக்கும்."

"அப்ப விதை?"

"அது அபூர்வம். இதுக்கு விதையும் வேண்டா, தேனீயும் வேண்டா. இங்க நிக்கிறதெல்லாம் ஒரே செடியாக்கும். தாய் எதுவோ அதுதான் குட்டி."

அண்ணன் முகத்தில் நான் அதுவரை பார்க்காத ஒரு வெளிச்சம்.

"தேனீயக்கூட நம்பறதில்லீங்களா?"

"இல்லா."

"மழை வரும்னு நம்பாம தண்ணிய மடலுக்குள்ளயே சேத்து வெச்சுக்குது. விதை முளைக்கும்னு நம்பாம குட்டியத் தானே போட்டு, வேரையும் குடுத்து அனுப்புது. ஆரையுமே நம்பறதில்ல!" சொந்தக்காரரைத் திருவிழாவில் கண்டுபிடித்தவர் மாதிரி அந்தக் கத்தாழையைப் பார்த்தார். சட்டென்று சந்தேகம் வந்துவிட்டது. "அம்மிணி, ஒண்ணாம் நம்பரு கம்பு விட்டதும் காஞ்சு செத்துப்போச்சு. எல்லாம் ஒரே செடின்னா செத்தது ஆருங்க?"

ஆபீசர் அம்மா போனை எடுத்துப் பார்க்க ஆரம்பித்தார்.

எல்லோரும் பந்தலுக்குத் திரும்பியதும், "சரி விடுங்ணா, செடியோட கொணம். ஆரும் வேலிய நகத்துல" என்றார் மெம்பர். கூட்டம் கலையப் பார்த்தது. சரசக்காகூடக் கேனைத் தூக்கிவிட்டது. அதோடு விட்டால் அவர் பால்மானி அண்ணனா?

"நில்லுங்க. வேரு எத்தனை அடிக்குப் போகும் அம்மிணி?"

"நாலடி, அஞ்சடி."

"இட்டேரி நெடுக்க, இந்த வாசல் வரைக்கும் மொளச்சிருக்குதே, அது?"

"அது கம்பில இருந்து விழுந்தது."

"கம்பு எப்புடி இங்க வந்துச்சு?"

ஒருவர் பின் ஒருவராக எல்லோரும் தலையைத் தூக்கினார்கள். எங்கள் தலைக்கு மேல் பந்தலுக்கு நடுவில் அந்தக் கம்பு இருந்தது. நான் மட்டும் கீழே என் கால் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"கொண்டாந்தது நாந்தே" என்றார் அண்ணன்.

"தனியாவா?" என்று கேட்டார் மெம்பர்.

"இவனும் வந்தான். அடிப்பக்கம் புடிச்சிருந்தான். நுனி என்ற கையில இருந்துச்சு. தூக்கிப் புடிக்காம இழுத்துட்டு வந்துட்டேன்."

நான் வாயைத் திறந்தேன். அவர் என்னைப் பார்த்தார். பாலில் பால்மானி மிதக்கும்போது பார்ப்பாரே, ஒரு கண்ணை மூடி, அதே பார்வை. நான் வாயை மூடிக்கொண்டேன். இன்றுவரை அதற்காக வெட்கப்படுகிறேன்.

"சரசு, நீதான் சாட்சி. இங்க வா" என்று கூப்பிட்டு, சாக்பீஸை எடுத்துப் பலகையில் ஒரு பேரை எழுதினார். எல்லோரும் எழுத்துக் கூட்டிப் படித்தோம். யாருக்கும் புரியவில்லை.

"இது ஆருங்ணா? அசலூரு ஆளுங்களா?" என்று கேட்டது சரசக்கா.

"நாந்தே" என்றார்.

முப்பது வருஷமாக ஊருக்குத் தெரியாத அந்தப் பேரை ஜனங்கள் திரும்பத் திரும்பப் படித்தார்கள். நல்ல பேர். அந்தப் பேருக்கும் அவருக்கும் சம்பந்தமே இல்லை. சரசக்காவுக்கு முந்தானையால் வாயைப் பொத்தியும் சிரிப்பு நிற்கவில்லை. சிரித்து முடித்துவிட்டுத் தன் கேனை அவர் முன்னால் நகர்த்தியது.

"வேலியத்தான் நகத்துலயே. நீங்களே பாருங்ணா, எங்க பால."

பார்த்தார். மூன்று தடவை பார்த்தார்.

அடுத்த வாரம் என் வேலை நிரந்தரம் ஆயிற்று. பலகையில் அவர் பேரும் நிரந்தரம் ஆயிற்று. மூன்று நாள் நல்ல பால் ஊற்றினால்தானே அழியும்? அவரிடம் மாடு இல்லை. "உங்க பேருல நான் ஊத்தறனுங்ணா" என்று சரசக்கா வந்து நின்றது. "ஊரான் பாலுல என்ற பேரு அழியப்படாது" என்று திருப்பி அனுப்பிவிட்டார். இட்டேரிக் கத்தாழையை ஒரு மாதம் குனிந்து குனிந்து அவரே பிடுங்கினார். நானும் போனேன். பிடுங்கியதை எண்ணி எண்ணிச் சாக்கில் போட்டார். என் சாக்கை இரண்டாம் தடவை எண்ணினார்.

இப்போது சொசைட்டியில் பால் பார்க்க மெஷின் வந்துவிட்டது. அண்ணன் ஓய்வு பெற்றுவிட்டார். ஆனாலும் தினமும் காலையில் பால்மானியோடு வந்து மெஷின் சொல்வது சரிதானா என்று பார்த்துவிட்டுப் போகிறார். அவர் பேர் பலகையில் அப்படியே இருக்கிறது. சாரலில் சாக்பீஸ் மங்கும். மறுநாள் பார்த்தால் பளிச்சென்று இருக்கும். யார் எழுதுகிறார்கள் என்று அண்ணனுக்கு ஊரில் பாதிப் பேர் மேல் சந்தேகம். என் மேல் இல்லை.

போன வாரம் எனக்குத் தாங்கவில்லை. அவர் வருவதற்கு முன்னால் அவர் பேருக்குக் கீழே என் பேரை எழுதி வைத்தேன். வந்தார். படித்தார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு தடவை படித்தார்.

"இது எதுக்கு?"

"அன்னிக்கு நுனி என்ற கையிலதானுங்ணா இருந்துச்சு."

"சாட்சி ஆரு?"

"நீங்கதானுங்ணா."

"நான் ஒண்ணும் பாக்குல" என்றார். "நான் முன்னாடியல்ல போனேன்? பின்னால நடந்தது எனக்கு எப்புடித் தெரியும்? சாட்சியில்லாம எவன் பேரையும் எழுதப்படாதுன்னு இத்தனை வருசமாத் தெரியாதா உனக்கு?" தோளிலிருந்து துண்டை எடுத்து என் பேரை அழுத்தித் துடைத்தார். தன் பேரில் துண்டு படாமல் பார்த்துக்கொண்டார். பிறகு என் சட்டைக் கையைச் சுருட்டச் சொல்லி இரண்டு கையையும் திருப்பிப் பார்த்துவிட்டுப் போனார்.

துண்டில் என் பேர் வெள்ளையாக ஒட்டியிருந்தது. இட்டேரி திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் அதை உதறவே இல்லை.